தொப்பூர்ச் சில்லும் டீக்கடை கிளாஸும்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கம் எப்படிப்பட்டது என்று இந்த மாவட்டத்தில் லாரி ஓட்டுகிற எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய வண்டி, நீண்ட சரிவு, டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம், சூடேறிப் பிடிக்க மறுக்கும் பிரேக். இவை ஒன்றுசேர்ந்து அங்கே எத்தனையோ குடும்பங்களைக் குலைத்திருக்கின்றன. விபத்துக்குள்ளான வண்டியை இழுத்துப்போட்டு, போக்குவரத்தைத் திறந்துவிட்ட பிறகும் சாலையோரத்தில் கண்ணாடி கிடக்கும். குனிந்து பார்த்தால் அது இரண்டு விதமாக இருப்பது தெரியும். ஒன்று, சிறு சிறு கட்டிகளாக உதிர்ந்து கிடப்பது. கையில் அள்ளினாலும் அவ்வளவாகக் கிழிக்காது. மற்றொன்று, நூற்றுக்கணக்கான விரிசல்கள் ஓடியும் உதிராமல் ஒரே விரிப்பாக மடங்கிக் கிடப்பது. முன்னது பக்கத்துச் சன்னல், பின்னது முன்பக்கக் கண்ணாடி. இரண்டும் ஒரே வண்டியில் இருந்தவை. இரண்டும் ஏறக்குறைய ஒரே கலவையில் உருக்கி எடுத்த தகடுகள். வீட்டுச் சன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தி போல நீளும் கூர்முனை மட்டும் இவற்றில் இல்லை.

கண்ணாடி என்று நாம் ஒரே பெயரால் கூப்பிடுகிற பொருளுக்குள் குணத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல பொருள்கள் இருக்கின்றன. எது எப்படி உடையும், எது சூடு தாங்கும், எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பது இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: மணலோடு எதைச் சேர்த்தார்கள், உருக்கியதை எப்படி ஆறவிட்டார்கள். இது தெரியாததால் சமையலறையிலும் பேருந்திலும் நமக்குக் காயம் படுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது.

மணலில் இருக்கும் சிலிக்காதான் கண்ணாடிக்கு அடிப்படை. அதை மட்டும் உருக்க 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும். பழைய காலத்து உலைகளால் அது முடியாத காரியம். சோடா சேர்த்தால் உருகும் வெப்பநிலை வெகுவாக இறங்குகிறது. ஆனால் சிலிக்காவும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். அதைக் கரையாமல் நிறுத்துவது சுண்ணாம்பு. சுமார் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் சிலிக்கா, 13 முதல் 15 சதவீதம் சோடா, 10 சதவீத அளவில் சுண்ணாம்பு. சன்னல், பாட்டில், டீ கிளாஸ், வளையல், முகம் பார்க்கும் கண்ணாடி என்று நாம் அன்றாடம் புழங்கும் கண்ணாடியில் பெரும்பகுதி இந்தச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிதான். படிகத்தில் அணுக்கள் வரிசை கட்டி நிற்கும். கண்ணாடியிலோ உருகியபோது இருந்த ஒழுங்கின்மையிலேயே உறைந்துவிடுகின்றன. இதை வைத்து, கண்ணாடி மிக மெதுவாக வழியும் திரவம் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. நம் சன்னல் கண்ணாடி நூறாண்டு ஆனாலும் வழியாது.

சன்னல் தகடு இவ்வளவு சமதளமாகக் கிடைப்பது 1950-களில் வந்த ஒரு யோசனையால். இங்கிலாந்தின் அலெஸ்டர் பில்கிங்டன், உருகிய கண்ணாடியை உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டார். கண்ணாடி தானாகவே பரவி, இரு பக்கமும் தேய்க்காமலே மழமழப்பாக வந்தது. 1959-இல் அந்த முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் செயின்ட் கோபைன் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலை இதே மிதவை முறையில்தான் தகடு இழுக்கிறது. தருமபுரி நகரத்துக் கண்ணாடிக் கடைகளில் சாய்த்து நிறுத்தியிருக்கும் தகடுகளும் மிதவை முறையில் இழுத்தவையே.

அந்தக் கடைகளில் ஒன்றில் சற்று நேரம் நின்று பாருங்கள். மேசை மேல் கம்பளி விரித்துத் தகட்டைப் படுக்க வைப்பார்கள். வெட்டும் கருவியின் முனையை மண்ணெண்ணெயில் நனைத்து, அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பு. சர்ர் என்ற ஒரு சத்தம். கோடு இருக்கிற இடமே தெரியாது. பிறகு அந்தக் கோட்டை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து லேசாக அழுத்தினால், ‘டக்’ என்று நேர்கோட்டில் இரண்டாகப் பிரியும். அந்தக் கைக்கு ஆண்டுக்கணக்கான பழக்கம் இருக்கிறது. கண்ணாடியின் இயல்பை அந்தக் கை இயற்பியல் பாடத்தைவிடத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. கண்ணாடி அழுத்தத்தை அபாரமாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மேற்பரப்பில் ஒரு கீறல் விழுந்து அதன் மேல் இழுவை வந்தால், விரிசல் அந்தக் கீறலில் தொடங்கி உள்ளே பாய்ந்துவிடும். வெட்டுபவர் அந்தக் கீறலை வேண்டிய இடத்தில் போடுகிறார். நம் வீட்டில் விழும் கீறலோ வேண்டாத இடத்தில் விழுகிறது.

அதே கடையில் ‘டஃபன்ட்’ தகடு கேட்டுப் பாருங்கள். அளவு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே வெட்டித் தரமாட்டார்கள். ஓட்டை போட வேண்டுமானாலும், மூலை வளைக்க வேண்டுமானாலும் எல்லாவற்றையும் முதலிலேயே செய்து முடித்த பிறகுதான் தகடு உலைக்குப் போகும். சுமார் 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெளியே இழுத்து, இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். நடுப்பகுதி மெதுவாக ஆறும். ஆறும்போது அது சுருங்கப் பார்க்கும், ஆனால் ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பு விடாது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், பட்டா சுருங்கி மரத்தையெல்லாம் இறுக்கிப் பிடிக்கிறதே, அதே வித்தைதான். சக்கரத்தில் வெளிப்பட்டா உள்ளே இருப்பதை அழுத்துகிறது. இங்கே உள்ளே இருப்பது சுருங்கி வெளித்தோலை அழுத்தத்தில் வைக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் தோலில் கீறல் எளிதில் திறக்காது. அதனால் சாதாரணத் தகட்டைவிட இது நான்கைந்து மடங்கு வலுவானது.

ஆனால் அந்தத் தோலைத் தாண்டி ஒரு விரிசல் உள்ளே போய்விட்டால் தகடு முழுவதும் போய்விடும். நடுவே அடைபட்டிருக்கும் இழுவையெல்லாம் ஒரே கணத்தில் விடுபடும். விரிசல் நொடிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் கிளை விட்டுப் பாயும். தகடு முழுவதும் பொடிக்கட்டியாகும். இதை ஐரோப்பியர்கள் விளையாட்டாகவே முதலில் கண்டார்கள். உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் விட்டால் வாலோடு கூடிய துளியாக இறுகும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, வாலின் நுனியைக் கிள்ளினால் முழுவதும் தூளாகும். 1660-இல் இளவரசர் ரூபர்ட் இதை இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸிடம் கொண்டுபோய்க் காட்டினார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். தொப்பூர் சாலையோரத்துச் சில்லுக்கும் அந்தத் துளிக்கும் இயற்பியல் ஒன்றே.

ஏ.சி. பேருந்துகளில் சன்னலுக்கு மேலே ஒரு சிறு சிவப்புச் சுத்தியல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முனை ஏன் ஊசியாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும். அகலமான பொருளால் ஓங்கி அடித்தால் அந்தத் தோல் தாங்கிக்கொள்ளும். கூர்முனையால் ஒரே புள்ளியில் குத்தினால் தோல் துளைபடும். சன்னலின் நடுவில் அடித்தால் தகடு வளைந்து கொடுக்கும், மூலையை ஒட்டி அடிக்க வேண்டும். இதே சுத்தியலை முன்பக்கக் கண்ணாடியில் ஓங்கி அடித்துப் பயன் இல்லை. அது உடையும், ஆனால் வழி விடாது. தீ பிடித்த பேருந்தில் கிடைக்கும் சில நொடிகளை முன்கண்ணாடியில் செலவழிப்பதா, பக்கத்துச் சன்னலில் செலவழிப்பதா என்பது உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாப் பேருந்து கிளம்பும் முன் ஒரு நிமிடம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

முன்பக்கக் கண்ணாடி ஏன் வழி விடாது? அது ஒரு தகடு அல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்டியது. கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் படலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எதிரே வரும் கல் உள்ளே புகாது, உள்ளே இருப்பவர் எளிதில் வெளியே தூக்கி எறியப்படமாட்டார். 1903-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் கைதவறிக் கீழே விட்ட ஒரு குடுவை, உடைந்தும் சிதறாமல் கிடந்தது. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து சுவரில் படலமாக ஒட்டியிருந்ததே காரணம். 1909-இல் அவர் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆவது விதி, வண்டிகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் பொருத்த வேண்டும், முன்பக்கத்துக்கு இப்படி ஒட்டிய கண்ணாடிதான் வேண்டும் என்கிறது. வெளிச்சம் எத்தனை சதவீதம் உள்ளே வர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது: முன்னும் பின்னும் 70, பக்கங்களில் 50. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2012-இல் தடை விதித்ததும் இந்த விதியை வைத்துத்தான்.

சாலையிலிருந்து சமையலறைக்கு வருவோம். கண்ணாடி மேல்தளம் வைத்த கேஸ் அடுப்பு இப்போது சிற்றூர்களிலும் சாதாரணமாகிவிட்டது. அந்தத் தளமும் தொப்பூர்ச் சில்லின் குடும்பம்தான். ‘யாருமே தொடவில்லை, பட்டாசு மாதிரி வெடித்தது’ என்று சொல்பவர்களை நம்பாமல் விடக் கூடாது. அப்படி நடக்கும். பல மாதங்களுக்கு முன் குக்கர் மூடி விளிம்பில் பட்டு ஒரு சிறு சில்லு பெயர்ந்திருக்கும். தோல் முழுவதும் துளைபடாததால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடுப்பு சூடாகிச் சூடாகி ஆறும்போது விரிசல் மயிரிழை மயிரிழையாக வளரும். ஒருநாள் இழுவைப் பகுதியைத் தொடும். அன்றைக்குத் தளம் முழுவதும் தெறிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. உருக்கும்போது நிக்கலும் கந்தகமும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத துகளாக உள்ளே தங்கிவிட்டால், அந்தத் துகள் காலப்போக்கில் பருத்து உள்ளிருந்தே தகட்டை உடைக்கும். பெரிய கட்டடங்களின் கண்ணாடி முகப்பு காரணமில்லாமல் உடைவதற்கும் பல நேரம் இதுதான் மூலம்.

இரண்டாவதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. முதலாவதற்கு உண்டு. விளிம்பில் சில்லு பெயர்ந்த தளத்தை ‘இன்னும் நல்லாத்தானே இருக்கு’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பால் பொங்கி வழிந்ததும் ஈரத்துணியை எடுத்து சூடான தளத்தில் போடாதீர்கள், ஆறட்டும். கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவை அதன் மேல் ஏற்றாதீர்கள். அண்டாவின் அடி தீயைத் தாண்டிப் பரவி, சூட்டைத் தளத்தின் மேலேயே திருப்பி அடிக்கும்.

கைப்பேசியின் முகப்புக் கண்ணாடிக்கும் இதே தோல் வித்தைதான், ஆனால் காற்றுக்குப் பதில் உப்பு. மிக மெல்லிய தகட்டைக் காற்றடித்து இறுக்க முடியாது. அதனால் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் தொட்டியில் மூழ்க வைக்கிறார்கள். மேற்பரப்பில் இருக்கும் சோடியம் வெளியேறி, அதைவிடப் பருத்த பொட்டாசியம் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காருகிறது. மேல்தோல் அழுத்தத்துக்கு வந்துவிடும். மொபைல் கடையில் ஒட்டித் தரும் ‘டெம்பர் கிளாஸ்’ இந்த முகப்புக்கு முன்னால் அடி வாங்கவென்றே வைத்த கண்ணாடி. அது உடைவதற்காகவே ஒட்டப்படுகிறது.

இனி டீக்கடை. தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி விடிகாலையில் அடுக்கி வைத்திருக்கும் வரிக்கோடு போட்ட சின்னக் கிளாஸ், சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. கொதிக்கிற டீயை நாள் முழுவதும் வாங்கிக்கொண்டும் அது உடையாமல் இருக்கிறதே, எப்படி? மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். டீ ஊற்றும் முன் வெந்நீரில் ஒரு அலசு. அந்த ஒரு அலசில் கிளாஸ் ஏற்கெனவே சூடாகிவிடுகிறது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். குளிர்ந்த கிளாஸில் கொதிக்கிற டீ விழுந்தால் உள்சுவர் உடனே விரியும், வெளிச்சுவர் விரியாது. விரிய மறுக்கும் வெளிச்சுவரில் இழுவை ஏறும். அங்கே ஒரு கீறல் இருந்தால் கதை முடிந்தது. தடித்த கண்ணாடிதான் பலமானது என்று நாம் நினைக்கிறோம். சூட்டைப் பொறுத்தவரை நேர்மாறு. அடி தடித்த பாயச டம்ளர் மெல்லிய சுவர் கிளாஸைவிடச் சீக்கிரம் விரிசல் விடும், ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் இடையே வெப்ப வித்தியாசம் அதிகம்.

சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் படுவது இதைவிட மோசம். சுருங்குவது நீர் பட்ட மேற்பரப்பே என்பதால், இழுவை நேராகக் கீறல்கள் இருக்கும் இடத்தில் வந்து விழுகிறது. ரயில்வே இதை மழையில் கற்றுக்கொண்டது. எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் கைலாந்தர், சூடான அதன் கண்ணாடி, மேலே திடீர் மழை. சிக்னல் காட்ட வேண்டிய நேரத்தில் கண்ணாடி சிதறும். மொரப்பூர் போன்ற நிலையங்களில் அந்தக் காலத்தில் லாந்தர் பிடித்து நின்றவர்களுக்கு இது புத்தகத்து விஷயமாக இருந்திருக்காது. அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் லாந்தருக்காகவே சூட்டில் அதிகம் விரியாத கண்ணாடியைச் செய்தது. அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் வழி காட்டியிருந்தார். சோடாவையும் சுண்ணாம்பையும் குறைத்து போரானைச் சேர்த்தால், கண்ணாடி விரிவது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அதுதான் போரோசிலிகேட்.

அது அடுப்படிக்கு வந்த கதை அழகானது. 1913-இல் கார்னிங்கில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன், பேட்டரிக்குச் செய்த கண்ணாடி ஜாடியின் அடிப்பகுதியை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டுப் பார்த்தார். நன்றாக வந்தது. 1915-இல் பைரெக்ஸ் என்ற பெயரில் சமையல் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. நம்மூரில் போரோசில் என்ற நிறுவனப் பெயரையே பலர் பொருளின் பெயராகச் சொல்கிறார்கள். பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் பீக்கரையும் சோதனைக் குழாயையும் தீயில் காட்டத் துணிகிறோம் என்றால் போரானை நம்பித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து வரும் குப்பியும் இதே வகை. அங்கே காரணம் சூடு மட்டுமல்ல, மருந்துக்குள் கண்ணாடி கொஞ்சமும் கசியக் கூடாது என்பதும்தான். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடிச் சமையல் பாத்திரம் எல்லாமே போரோசிலிகேட் அல்ல. அமெரிக்காவில் இன்று விற்கும் பைரெக்ஸ் பாத்திரங்கள்கூட இறுக்கிய சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிதான். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

தருமபுரிக்காரர்களிடம் கண்ணாடியைப் பற்றிப் பேசிவிட்டு ஃபுளூரைடைப் பேசாமல் போக முடியாது. இந்த மாவட்டத்தின் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக அதையே குடித்து, பழுப்புக் கோடு விழுந்த பற்களோடு தலைமுறைகள் வளர்ந்தன, முதுகு வளைந்தவர்களும் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததற்குக் காரணம் இந்த ஒற்றைத் தனிமம்தான்.

கண்ணாடியை வெல்லும் தனிமமும் அதுதான். கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கண்ணாடிப் புட்டியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை மட்டும் கண்ணாடியில் வைக்க முடியாது, பிளாஸ்டிக்கில்தான் வைக்க வேண்டும். அது சிலிக்காவையே அரித்துவிடும். கண்ணாடியில் பூவேலை பொறிப்பதும், பல்பின் உட்புறத்தைப் பனி படிந்தது போல் மங்கலாக்குவதும் அந்த அரிப்பால்தான். உங்கள் ஊர் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளூரைடு எவ்வளவு என்று சோதிக்க அனுப்பும் மாதிரி நீரையும் ஆய்வகங்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் கேட்கின்றன. குடிநீரில் இருக்கும் அளவு ஃபுளூரைடு உங்கள் வீட்டு டம்ளரை அரிக்காது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் லிட்டரில் ஒரு மில்லிகிராமை அளக்கும் இடத்தில் கண்ணாடிச் சுவர் உறிஞ்சும் சிறு அளவும் கணக்கைக் கெடுக்கும்.

வீட்டு டம்ளரில் படியும் வெள்ளைத் திட்டு வேறு சங்கதி. அது உப்புத் தண்ணீரிலிருந்து படியும் கால்சியம் கார்பனேட். கம்பி நாரால் தேய்த்தால் திட்டு போகாது, கீறல்தான் விழும். அந்தக் கீறல் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் புளிக்குப் பஞ்சமில்லை. கரைத்த புளியில் ஊற வைத்தால் அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிடும், கண்ணாடியைத் தொடாது.

ஃபுளூரைடைக் கண்ணாடிக்குள்ளேயே பூட்டி வைக்கும் வகைகளும் உண்டு. விருந்தாளி வந்தால் எடுக்கும் பால்வெள்ளை ‘ஓபல்’ தட்டு பீங்கான் அல்ல, கண்ணாடி. உருக்கும்போது ஃபுளூரைடு சேர்ப்பார்கள். ஆறும்போது அது நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அந்த வெள்ளை நிறமி பூசியதால் வந்ததல்ல. இன்னொன்றை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. லண்டனில் 1969-இல் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் ஃபுளூரைடு கலந்த கண்ணாடித் தூளை ஓர் அமிலத்தோடு குழைத்து, பல்லில் ஒட்டும் சிமென்டு செய்தார்கள். பல் மருத்துவர்கள் சொத்தைக் குழியை அடைக்கும் ‘கிளாஸ் அயனோமர்’ அதுதான். பல்லோடு நேராக ஒட்டிக்கொண்டு, ஃபுளூரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. அளவு மீறியபோது இந்த மண்ணின் பற்களைக் கெடுத்த அதே பொருள், கண்ணாடிக்குள் அளவோடு இருக்கும்போது பல்லுக்குக் காவலாகிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தகட்டின் விளிம்பில் தெரியும் பச்சை, மணலில் இருந்த இரும்பு. மருந்து பாட்டிலின் பழுப்பு, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. புற ஊதாக் கதிரைத் தடுத்து மருந்து கெடாமல் காக்கிறது. சூரிய மின்தகட்டின் மேல் இருக்கும் கண்ணாடியில் இரும்பை முடிந்தவரை எடுத்துவிடுகிறார்கள், வெயில் வீணாகக் கூடாதே. தூய்மையின் எல்லை ஒளியிழை. சன்னல் தகட்டை விளிம்பு வழியாகப் பார்த்தால் ஒரு சாண் நீளத்திலேயே வெளிச்சம் பச்சையாகி மங்குகிறது. இணைய இணைப்புக்குப் போடும் இழையிலோ, தருமபுரியில் விட்ட ஒளி சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பென்னாகரத்துக்குப் போய்ச் சேரும்போதும் கால்வாசி மிச்சம் இருக்கும். கண்ணாடி இழை வழியே இவ்வளவு தூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் கணக்குப் போட்டுச் சொன்ன சார்லஸ் காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அரூர் பக்கத்து மண்ணுக்கும் கண்ணாடி உலைக்கும் ஓர் உறவு உண்டு. குளிர்ந்த கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உருகியதும் சோடியம் அயனிகள் நகரத் தொடங்கிக் கடத்தும். ஆகவே மின்சாரத்தை நேராகக் குழம்புக்குள் செலுத்தியே உருக்கலாம். அந்தக் குழம்பில் முங்கி நிற்கும் மின்முனை எதனால் இருக்க வேண்டும்? இரும்பானால் உருகும், நிறத்தையும் கெடுக்கும். 2,623 டிகிரியில்தான் உருகும் மாலிப்டினத்தால் செய்கிறார்கள். அரூர், ஊத்தங்கரை வட்டாரப் பாறைகளில் மாலிப்டினம் தாது இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது.

கடைசியாகப் பாட்டில். காட்டோரத்தில், ஆற்றுப் பாறையில், வயல் வரப்பில் குடித்துவிட்டு உடைத்துப் போடும் மதுப் பாட்டில்கள் மெதுவாக ஆறவைத்துச் செய்தவை. உள்ளே இழுவை எதுவும் அடைபட்டிருக்காது. அதனால் பொடிக்கட்டியாக உதிராமல், நீண்ட கத்தி முனைகளாகவே பிளக்கும். மழையும் வெயிலும் அந்த முனையை மழுங்கடிக்க எத்தனையோ தலைமுறை ஆகும். ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் காலிலும், பென்னாகரம், பாலக்கோடு காடுகளில் நடக்கும் யானைகளின் பாதத்திலும் அது ஏறும். யானைகளின் பாதத்தைப் பற்றிய கவலையோடுதான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் ஏற்பாடு தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. இது எல்லாக் கடையிலும் சலிப்பில்லாமல் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பத்து ரூபாய்க்காகக் குனிந்து பாட்டில் பொறுக்குகிறவர்கள் காட்டுக்குச் செய்வது பெரிய வேலை.

திரும்பி வரும் பாட்டில் கழுவப்பட்டு மறுபடி நிரப்பப்படும், அல்லது நொறுக்கி உலைக்குப் போகும். உலையில் பழைய கண்ணாடி மணலைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். கலவையில் அதன் பங்கு ஒவ்வொரு 10 சதவீதம் கூடும்போதும் எரிபொருள் 2 முதல் 3 சதவீதம் மிச்சமாகும். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. ஒரு நிபந்தனை உண்டு: கலப்படம் கூடாது. உடைந்த போரோசில் பாத்திரத்தையோ, ஓபல் தட்டையோ, காரின் முன்கண்ணாடியையோ பாட்டில் மூட்டையில் போட்டுவிட்டால், போரோசிலிகேட் அந்த வெப்பத்தில் முழுதாக உருகாமல் கட்டியாக நின்று, புதுப் பாட்டிலின் சுவரில் பலவீனமான இடமாகத் தங்கிவிடும். காயலான் கடைக்குப் போடும்போது பாட்டிலைத் தனியாகவும் மற்றதைத் தனியாகவும் கட்டிக் கொடுங்கள். உடைந்ததை நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதுங்கள். அந்த மூட்டையைத் தூக்குகிறவர் பெரும்பாலும் கையுறை போட்டிருக்கமாட்டார்.